சல்பேட்டைத் தனியே படிக்கக் கூடாது

ஆம்பூர் பக்கம் தண்ணீர் சோதிக்கும் லேபில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும்: "குரோம் எவ்வளவு இருக்கு?" பத்திரிகைக்காரர் கேட்பார், ப்ராஜெக்டுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்பார். சல்பேட் எவ்வளவு என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. ரிப்போர்ட்டில் அது கீழே எங்கோ கிடக்கும் ஒரு வரி. மாசுக் கட்டுப்பாட்டு போர்டு நிர்ணயித்த லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தாண்டினால் "கொஞ்சம் கூட இருக்கே மேடம்" என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் ரிப்போர்ட்டில் முதலில் கண் போகிற இடம் அந்த வரிதான். போன உடனே அடுத்த பார்வை குளோரைடுக்குப் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபின்தான் மற்ற எண்கள். தனி லேபில் சில வருடம், பிறகு பொது சுத்திகரிப்பு நிலையத்து லேபில் பல வருடம் நின்றதில் படிந்த பழக்கம் இது. புதிதாகச் சேருகிற பெண்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்லித்தருகிறேன்: குளோரைடு பக்கத்தில் இல்லாமல் சல்பேட்டைப் படிக்காதே.

காரணம் டேனரியின் வேலை முறையிலேயே இருக்கிறது. பச்சைத்தோல் உப்பு போட்டுத்தான் வரும். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும்; அது குளோரைடு. அடுத்தது சுண்ணாம்பு. முடி கழல சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் சல்பேட். பிறகு பிக்கிள்: உப்பும் கந்தக அமிலமும். கடைசியாக டிரம்மில் குரோம் போடுவது. அந்தப் பச்சைத் தூளின் பெயரே பேசிக் குரோமியம் சல்பேட். ஆக முதல் தண்ணீர் குளோரைடுத் தண்ணீர், கடைசித் தண்ணீர் சல்பேட் தண்ணீர். வழக்கமான முறையில் போட்ட குரோமில் 60, 70 சதவீதம் தோலில் ஏறும். அதைச் சுமந்து வந்த சல்பேட்டில் பெரும்பகுதி டிரம்மிலிருந்து வெளியே ஓடிவிடும். தீர்ந்த குரோம் தண்ணீரை அளந்தால் லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராமைச் சாதாரணமாகத் தாண்டும்.

குரோமைத் திரும்ப எடுக்கும் யூனிட் வைத்திருக்கும் கம்பெனிகளில் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். நல்ல விஷயம்தான். மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமைக் கீழே படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கு அனுப்புகிறார்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்க வந்தவர்கள் அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் படமும் எடுத்துக்கொள்வார்கள். சல்பேட் முழுக்க அதில்தான் இருக்கிறது. நிறமில்லாத பொருளுக்கு இதுதான் வசதி, யாரும் சந்தேகப்படுவதில்லை.

சுத்திகரிப்பே சல்பேட்டை ஏற்றும் என்பதும் பலருக்குத் தெரியாது. கலங்கலை உட்காரவைக்கப் படிகாரம் போடுகிறோம். அது அலுமினியம் சல்பேட், எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சல்பேட். லிட்டருக்கு 300 மில்லிகிராம் படிகாரம் போட்டால் 130 மில்லிகிராம் சல்பேட்டை நாமே ஊற்றியதாகக் கணக்கு. சுண்ணாம்புத் தண்ணீரில் இருக்கும் சல்பைடை மாங்கனீசு உப்பு சேர்த்துக் காற்றடித்து எரிப்பார்கள். நாற்றம் போகும், சல்பைடு குறையும், அதில் ஒரு பகுதி சல்பேட்டாகி நிற்கும். உள்ளே வந்ததைவிட வெளியே போவது அதிகம் என்று ரிப்போர்ட் காட்டும்போது ஆய்வுக்கு வரும் அதிகாரி முகத்தைச் சுளிப்பார். அப்போது குளோரைடைக் காட்டினால் போதும். படிகாரமும் காற்றும் குளோரைடைத் தொடாது. அது நின்ற இடத்திலேயே நிற்க, சல்பேட் மட்டும் ஏறியிருந்தால் ஏற்றியது நாம் போட்ட மருந்து. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் யாரோ செறிவான தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அளக்கும் வேலை சுலபம் என்று புத்தகத்தைப் படித்தவர்கள் நினைப்பார்கள். ஒரு பீக்கரில் மாதிரி, கண்டிஷனிங் கரைசல் கொஞ்சம், ஒரு கரண்டி பேரியம் குளோரைடுப் படிகம், ஒரு நிமிடம் கலக்கு, 420 நானோமீட்டரில் படி. முடிந்தது. பேரியமும் சல்பேட்டும் சேர்ந்தால் கரையாத வெள்ளைத் தூள், பேரியம் சல்பேட். வேலூர் சி.எம்.சி.யில் வயிற்றுப் படம் எடுக்குமுன் வெள்ளையாக ஒன்றைக் குடிக்கச் சொல்வார்களே, அதே பொருள். கரையாது என்பதால்தான் குடித்தவருக்கு ஆபத்தில்லை. நாங்கள் கரண்டியில் அள்ளிப்போடும் பேரியம் குளோரைடு கரையும், ஆகவே விஷம். லேபில் சேர்ந்த முதல் நாளே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவோம்.

சிக்கல் என்னவென்றால், நாம் அளப்பது சல்பேட்டை அல்ல, கலங்கலை. ஒரே அளவு சல்பேட் நுண்ணிய துகளாக விழுந்தால் ஒரு கலங்கல், பெரிய துகளாகத் திரண்டால் வேறொரு கலங்கல். துகளின் அளவை நிர்ணயிப்பது படிகத்தின் பருமன், கலக்கும் வேகம், எவ்வளவு நேரம் கழித்துப் படிக்கிறோம் என்பது. அதனால்தான் படிகம் 20க்கும் 30க்கும் இடைப்பட்ட சல்லடை அளவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தில் டப்பா திறந்தே இருந்து கட்டிதட்டிய பேரியத்தைக் கல்வத்தில் இடித்துப் போடும் ஆட்கள் உண்டு. மாவு உடனே கரைந்துவிடும், துகள் வேறு மாதிரி உருவாகும், அன்றைக்கு எடுத்த வளைகோடு அன்றைக்கே குப்பை. கண்டிஷனிங் கரைசலில் கிளிசரின் இருப்பது வெள்ளையைக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்க. உப்பும் அமிலமும் ஆல்கஹாலும் அதோடு. பிப்பெட்டில் அந்தக் கிளிசரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கும். அவசரக்காரர் கையில் ஐந்து மில்லி நாலரை ஆகிவிடும்.

மேக்னட்டிக் ஸ்டிரரின் குமிழில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். மாதிரிக்கும் ஸ்டாண்டர்டுக்கும் குமிழ் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். படிகம் விழுந்த கணத்தில் ஸ்டாப் வாட்ச். முதல் சில நொடி ஒன்றும் தெரியாது. பிறகு சுழியின் நடுவிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெண்மை பரவும். 60 நொடியில் கலக்கலை நிறுத்தி, செல்லில் ஊற்றி, ஐந்தாவது நிமிடத்தில் படிக்க வேண்டும். அரை நிமிடம் முன்பின் ஆகலாம். இந்த ஐந்து நிமிடத்துக்குள் போன் வந்தால் எடுக்கக் கூடாது. எம்.டி. கூப்பிட்டாலும்தான்.

ஸ்டாண்டர்டு செய்ய உலர்ந்த சோடியம் சல்பேட் 0.1479 கிராம், ஒரு லிட்டர். அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்பேட். வளைகோடு 40 வரைதான் நம்பத் தகுந்தது. 10க்குக் கீழே அது நேராகப் போகாது, வளையும். நம் ஊர்த் தண்ணீருக்கு 10க்குக் கீழே என்ற கவலை கிடையாது. கவலை மேல் பக்கத்தில். 2000 இருக்கிற தண்ணீரை 40க்குள் கொண்டுவர நூறு மடங்கு நீர்க்கவேண்டும். ஒரு மில்லியை எடுத்து நூறாக்கும்போது பிப்பெட் நுனியில் தொங்கும் ஒரு சொட்டுகூடக் கடைசிக் கணக்கில் நூறால் பெருகி நிற்கும். ஒரே தாவலில் நூறு மடங்கு போகாமல் பத்து, பத்தாக இரண்டு தடவை போவது என் வழக்கம். நேரம் அதிகம் ஆகிறது என்று முணுமுணுப்பார்கள், ஆகட்டும்.

டேனரித் தண்ணீருக்கே உரிய தொல்லைகள் தனி. கடுக்காய், வாட்டில் போட்டுப் பதனிடும் இடங்களிலிருந்து வரும் தண்ணீர் காப்பி நிறம். 420இல் அந்த நிறமே ஒளியைக் குடித்துவிடும். பேரியம் போடாமல் ஒரு பிளாங்க் படித்துக் கழித்தால் சரியாகிவிடும் என்று புத்தகம் சொல்லும். சுண்ணாம்புத் தண்ணீரில் அது பலிக்காது. முடி கரைந்த புரதம் அதில் நிறைய. கண்டிஷனிங் கரைசலின் அமிலம் பட்டதும் புரதம் திரண்டு தானே ஒரு கலங்கலைக் கிளப்பும். அந்தக் கலங்கல் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். ஒன்றாம் நிமிடம் படித்த பிளாங்கை ஐந்தாம் நிமிடக் கணக்கிலிருந்து கழிப்பதில் பொருளே இல்லை. அமிலம் சேர்த்து, திரள விட்டு, வடித்தபின்தான் அந்த மாதிரியைத் தொடுவேன். அமிலம் சேர்ப்பதும் ஃபியூம் ஹூடுக்குள்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு இருக்கிறது, அமிலம் பட்டால் அது வாயுவாகக் கிளம்பும்.

குரோம் தண்ணீர் இன்னொரு விதம். பச்சையாகக் கட்டுண்டு கிடக்கும் குரோமியம் சல்பேட்டில் ஒரு பகுதி சல்பேட், குரோமியத்தைப் பிடித்தபிடி விடாது. பேரியத்தைக் காட்டினாலும் உடனே வெளியே வராது. நேரடியாக அளந்தால் எண் குறைவாக வரும், கம்பெனிக்காரருக்குச் சந்தோஷம். காரம் சேர்த்துக் கொதிக்கவைத்துக் குரோமை ஹைட்ராக்சைடாக இறக்கி, வடித்து, நன்றாக அலசி, வடிநீரில் அளந்தால்தான் முழு எண் கிடைக்கும்.

தகராறு வருமென்று தெரிந்த மாதிரிக்கு நான் கலங்கலை நம்ப மாட்டேன், எடைமுறைக்குப் போய்விடுவேன். மாதிரியை லேசாக அமிலமாக்கிக் கொதிக்கவிட்டு, சூடான பேரியம் குளோரைடை மெதுவாக ஊற்றி, 80, 90 டிகிரியில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். துகள் பருத்து உட்காரும். சாம்பல் விடாத ஃபில்டர் பேப்பரில் வடித்து, வெந்நீரால் அலசி, வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியாத வரைக்கும் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு குரூசிபிள், மஃபிள் ஃபர்னஸ், 800 டிகிரி, ஒரு மணி நேரம். எடையை 0.4116ஆல் பெருக்கினால் சல்பேட். இதில் ஒரு பொறி உண்டு. பேப்பரை மெல்லப் புகையவிட்டுக் கரியாக்காமல் நேரே நெருப்புக்குள் தள்ளினால், கரி பேரியம் சல்பேட்டில் கொஞ்சத்தைப் பேரியம் சல்பைடாக மாற்றிவிடும். எடை குறையும். ஆறிய குரூசிபிளில் ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டு மறுபடி சுட்டால் பழைய நிலைக்கு வரும். இந்தத் தந்திரத்தை எனக்குச் சொல்லித்தந்த சீனியர் கெமிஸ்ட், ஃபர்னஸ் கதவைத் திறக்குமுன் ஒருமுறை தொட்டுக் கும்பிடுவார். அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு வரவில்லை. அயான் குரோமட்டோகிராஃப் வைத்திருக்கும் பெரிய லேப்களில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. ஊசியால் ஏற்றினால் குளோரைடும் சல்பேட்டும் தனித்தனிச் சிகரமாக வந்து நிற்கும். பொறாமையாகத்தான் இருக்கும்.

இனி குளோரைடின் உதவியை ஒரு கேன் கதையில் சொல்கிறேன். மே மாதம். ஒரு சமன்படுத்தும் தொட்டியின் மாதிரி வந்தது. வழக்கமாக 1900 வாக்கில் இருக்கும் சல்பேட் 1400தான் காட்டியது. மறுபடி செய்தும் அதே எண். கம்பெனித் தரப்பில் அதை அப்படியே ரிப்போர்ட்டில் போடச் சொன்னார்கள், குறைந்திருக்கிறதே, நல்லதுதானே! நல்ல தண்ணீர் கலந்து எடுத்திருப்பார்கள் என்று என்னோடு வேலை செய்த பெண் சொன்னாள். குளோரைடைப் பார்த்தேன், இம்மியும் குறையவில்லை. தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்துதானே இறங்க வேண்டும்? கேன் மூடியைத் திறந்து மூக்கைத் தள்ளிவைத்துக்கொண்டு பார்த்தால் அழுகின முட்டை வாசம். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் வண்டல்.

"அண்ணா, இது எப்ப எடுத்தது?"

"சனிக்கெழம மேடம். வண்டியிலயே இருந்துச்சி. மூடிய நல்லா டைட்டா போட்டுக்கினேன், ஒரு சொட்டு கொட்டல பாருங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. கொட்டவில்லை என்பது உண்மைதான். காற்றுப் புகாத கேனுக்குள், வெயிலில் நின்ற வண்டியில், சாப்பிடக் கரிமப் பொருளும் மூச்சுக்குச் சல்பேட்டும் கிடைத்த பாக்டீரியாக்கள் மூன்று நாள் சுகமாக இருந்திருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாதபோது அவை சல்பேட்டைப் பிடித்துச் சல்பைடாக்கிவிடும். குளோரைடு அவற்றுக்கு எதற்கும் பயன்படாது, ஆகவே அப்படியே கிடக்கும். அந்த மாதிரியை நிராகரித்து மறுபடி எடுத்துவரச் சொன்னோம். குளிரில் வைத்தால் சல்பேட் மாதிரி 28 நாள் தாங்கும் என்று செய்முறைப் புத்தகத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்குச் சரி. டேனரித் தண்ணீருக்கு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஐஸ் பெட்டியில் வர வேண்டும், வந்த அன்றே வடித்துவிட வேண்டும்.

கேனுக்குள் நடந்தது தொட்டிக்குள்ளும் நடக்கும். சொல்லப்போனால் சல்பேட்டை நான் இவ்வளவு முக்கியமாக நினைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான். சேற்றுத் தொட்டிக்குள் 1800 போய், குளோரைடு மாறாமல், 1200 வெளியே வந்தால் அந்த 600 எங்கே? 96 பங்கு சல்பேட் 34 பங்கு ஹைட்ரஜன் சல்பைடாகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 600க்கு 200க்குக் கொஞ்சம் மேலேயே வரும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சல்பைடு, தண்ணீரிலும் சேற்றிலும் அடங்கிக் கிடக்கிறது. சேற்றைக் கிளறினால் வெளியே வரும். பிக்கிள் தண்ணீரோ வேறு அமிலமோ அந்தக் குழியில் விழுந்தால் ஒரே மூச்சில் வரும். காற்றைவிடக் கனமான வாயு, குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைத்துக்கொள்வார். 500ஐத் தாண்டினால் ஏணியைப் பிடிக்கக் கைக்குத் தெம்பிருக்காது. ஒருவர் விழுவார், தூக்கப் போனவர் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். தோல் கம்பெனிக் குழிகளில் ஆட்கள் செத்த செய்திகளைப் படித்துப் பாருங்கள், தனியாக ஒருவர் செத்ததாக அபூர்வமாகத்தான் இருக்கும்.

2013ஆம் வருடச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைக் கழிவுத் தொட்டியில் இறக்கக் கூடாது என்கிறது. இறக்குகிறவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இறக்குவதில்லை. அதனால் சல்பேட் வித்தியாசம் 300ஐத் தாண்டும் நாட்களில் ரெஜிஸ்டரில் அந்தத் தொட்டியின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'கேஸ்' என்று எழுதுவதை வழக்கமாக்கினேன். இது எந்த விதிமுறையிலும் இல்லை. வாயு அளக்கும் மீட்டர்தான் கடைசிச் சொல், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மீட்டர் இன்றைக்கு, இந்த நிமிடத்தைச் சொல்லும். சல்பேட் கணக்கு, போன வாரம் முழுக்க இந்தத் தொட்டிக்குள் என்ன விளைந்துகொண்டிருந்தது என்று சொல்லும். ஷிஃப்ட் ஆபரேட்டர்கள் லேப் ரிப்போர்ட்டைப் படிப்பதில்லை. சிவப்பு மையைப் படிக்கிறார்கள்.

இந்த எண்கள் எல்லாம் கட்டாயமானதற்குப் பின்னால் பெரிய வழக்கு இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேர்பிடித்ததில் நம் பாலாற்றுக் கரைக்குப் பங்குண்டு. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதைவிட எங்கள் தொழிலை மாற்றியது, கரைந்த உப்பின் அளவுக்குப் போர்டு வைத்த வரம்பு செல்லும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதுதான். கரைந்த மொத்த உப்பு 2100, குளோரைடு 1000, சல்பேட் 1000. குரோமை எடுத்துவிடலாம், நாற்றத்தை எரித்துவிடலாம். உப்பை என்ன செய்வது? அந்த ஒரு கேள்வியில்தான் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. ஈடு கொடுக்கும் விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரி 30இல்கூட உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டு, கண்காணிக்கக் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது.

கிணற்றுத் தண்ணீரைப் பெட் பாட்டிலில் எடுத்துக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். குடிநீருக்கு 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 400 வரை, பாசனத்துக்கு 1000. இந்த எண்களை ஒப்பிப்பதில் ஒன்றும் கெட்டிக்காரத்தனம் இல்லை. "டேனரித் தண்ணிதானம்மா இது?" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்வதில்தான் நிதானம் வேண்டும். பச்சைத்தோலிலிருந்து தொடங்கும் டேனரியின் தண்ணீரில் குளோரைடுதான் முன்னே நிற்கும், சல்பேட் பின்னே வரும். வெட் ப்ளூ, அதாவது ஏற்கெனவே குரோம் ஏற்றிய தோல், வாங்கி முடித்துக்கொடுக்கிற கம்பெனியில் ஊறவைக்கும் உப்பு இல்லை, அங்கே சல்பேட் முந்தும். கிணற்றில் குளோரைடு சாதாரணமாக இருந்து சல்பேட் மட்டும் ஏறியிருந்தால் நான் முதலில் கேட்பது, "மல்லாட்டைக்கு ஜிப்சம் போட்டீங்களாண்ணா?" என்றுதான். வேர்க்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது வேளாண் துறையே. ஜிப்சம் கால்சியம் சல்பேட். அம்மோனியம் சல்பேட் உரமும் உண்டு. இப்படிக் கேட்டதற்கு ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு, கம்பெனிக்காரர்களிடம் நான் காசு வாங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கிணற்றில் குளோரைடும் சோடியமும் ஏறித்தான் இருந்தன. அதை ரிப்போர்ட்டில் தெளிவாகவே எழுதிக் கொடுத்தேன். சல்பேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. குளோரைடு, சோடியம், குரோம், கிணற்றுக்கு மேல்பக்கம் என்ன இருக்கிறது என்ற விவரம் எல்லாம் சேர்ந்தால் ஆக்கலாம்.

இடையில் ஒன்று. வீடு கட்டுபவர்களும் தண்ணீர் கொண்டுவருவார்கள். கான்கிரீட் கலவைத் தண்ணீருக்கு வரம்பு 400 என்று எங்கோ பார்த்துவிட்டு, எங்கள் ரிப்போர்ட்டில் 450 இருந்தால் பதறுவார்கள். அந்த 400 சல்பர் ட்ரை ஆக்சைடாகக் கணக்கிட்டது, சல்பேட்டாகப் பார்த்தால் 480. அந்தத் தண்ணீர் தேறிவிடும்.

இப்போது எங்கள் லேபுக்கு வரும் மாதிரிகளில் கணிசமானவை தண்ணீரே அல்ல, உப்பு. ஆர்.ஓ. வடித்துக் கொடுத்ததைக் கம்பெனிகள் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. ஒதுக்கிய செறிவுநீர் எவாப்பரேட்டருக்குப் போய், அழுக்கு மஞ்சளும் சாம்பலும் கலந்த உப்பாக வெளியே வருகிறது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் பின்னிக் கிடக்கும் கலப்பு உப்பு. அதை வாங்க ஆளில்லை, மழை படாமல் கொட்டகைக்குள் மூட்டையாக அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. போகிற வழியில் சுண்ணாம்பின் கால்சியம் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகிக் குழாய்க்குள் கல்லாய்ப் படிவது வேறு. பராமரிப்பு ஆட்கள் சுத்தியலோடு அலைவது அதனால்தான். இரண்டு உப்பையும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் உண்டு: குளோரைடைப் பிக்கிளுக்குத் திருப்பலாம், சல்பேட்டைச் சாயப் பட்டறையும் சோப்புத்தூள் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும்.

மார்கழி, தை மாதத்தில் இந்தப் பிரிப்பு தானாகவே கொஞ்சம் நடக்கும். சோடியம் சல்பேட் சுமார் 32 டிகிரியில்தான் அதிகபட்சம் கரையும். குளிரக் குளிர விறுவிறுவென்று வெளியே விழுந்துவிடும். குளோரைடுக்கு இந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. ராத்திரி வேலூர்க் குளிரில் நின்ற செறிவுநீர்த் தொட்டியின் அடியில் காலையில் பார்த்தால் விரல் நீளத்துக்குத் தெளிந்த படிகங்கள். ஆபரேட்டர் மண்வெட்டியால் அள்ளிப் பக்கெட்டில் கொண்டுவந்து, "இது சுத்த சல்பேட்டா மேடம், விக்கலாமா?" என்பார்.

பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 105 டிகிரியில் உலர்த்தினால் வெள்ளைப் பொடியாகச் சுருங்கிவிடும். அந்தப் பொடியில் ஒரு கிராம், ஒரு லிட்டரில் கரைத்து, அதில் இருபது மடங்கு நீர்த்து, பேரியம் போட்டுப் படிக்கிறேன். அதே கரைசலில் இன்னொரு பாகத்தைச் சில்வர் நைட்ரேட்டுக்கு எதிரே டைட்ரேட் செய்து குளோரைடு. முதல் பக்கெட்டில் குளோரைடு அதிகமாக வந்தது. படிகத்துக்குள் இருந்ததல்ல, மேலே ஒட்டியிருந்த தாய்க்கரைசல். குளிர்ந்த நல்ல தண்ணீரால் ஒரே ஒரு முறை, வேகமாக அலசிவிட்டு வடித்துக் கொண்டுவரச் சொன்னேன். நிதானமாக அலசினால் படிகமே கரைந்து போய்விடும். அலசிய பக்கெட் வந்தது, குளோரைடு நன்றாக இறங்கியிருந்தது. குரோம் இன்னும் பார்க்க வேண்டும். அதற்குள் சாயப் பட்டறைக்காரர் ஒருவர் மூட்டை என்ன விலை என்று போன் செய்துவிட்டார்.